மிச்சம் பிடித்த தண்ணீர் யார் கணக்கில்?

தண்ணீரைச் சிக்கனமாகப் புழங்க வேண்டும் என்பதில் எனக்கு எப்போதுமே மாற்றுக் கருத்து இருந்ததில்லை. பல் தேய்க்கும்போது குழாயை மூடுகிற ரகம் நான், இன்றைக்கும் மூடுகிறேன். ஆனால் அப்படி மிச்சம் பிடிக்கிற தண்ணீர் அதற்கப்புறம் எங்கே போகிறது, யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்ற கேள்வி சில வருஷங்களாக மண்டையைக் குடைகிறது. யாரைக் கேட்டாலும் ஒரு பதில் வருகிறது. ஒன்று இன்னொன்றோடு ஒட்டுவதில்லை. எழுதிப் பார்த்தாலாவது பிடிபடுமா என்றுதான் இது.

நியூ மெக்சிகோவின் தலைநகரான சான்டா ஃபேயில் பல வருஷம் வாடகைக்கு இருந்தோம். ஏழாயிரம் அடி உயரத்தில், மழை அரிதான மேட்டு நிலத்தில் இருக்கிற ஊர். 1990களின் நடுவில் வந்த வறட்சிக்குப் பிறகு அந்த நகரம் தண்ணீர் விஷயத்தில் ஒரேயடியாக மாறிவிட்டது. 1995-இல் ஆளுக்கு நாளொன்றுக்கு 168 கேலன், அதாவது சுமார் 635 லிட்டர் செலவானது. இப்போது 100 கேலனுக்கும் கீழே. வீட்டு முன்னால் இருந்த புல்தரைகள் போய்க் கூழாங்கல் வந்தது. கோடையில் பகல் வேளையில் செடிக்குத் தண்ணீர் விடக்கூடாது என்று விதி வந்தது. உணவகத்தில் உட்கார்ந்தால் கேட்டால்தான் தண்ணீர் வைப்பார்கள். அமெரிக்க மேற்கில் இது சின்ன விஷயமில்லை. பக்கத்து மாநிலக்காரர்கள் வந்து பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு போகிற அளவுக்கான மாற்றம்.

அந்தச் சிக்கனத்தில் ஓர் அங்கம் கழிப்பறைத் தொட்டி. சிரிக்காதீர்கள். 2003 வாக்கில் நகராட்சி ஓர் ஏற்பாடு செய்தது. புதிதாக வீடு கட்டுகிறவர், அந்த வீடு குடிக்கப்போகிற தண்ணீருக்கு ஈடாக, ஊரில் ஏற்கெனவே இருக்கிற பழைய கழிப்பறைகளில் சிலவற்றைத் தன் செலவில் கழற்றிவிட்டு, குறைந்த தண்ணீரில் கழுவுகிற புதியவற்றை மாட்டித்தர வேண்டும். அதற்குச் சான்று காட்டினால்தான் கட்டட அனுமதி. ஆயிரக்கணக்கான தொட்டிகள் மாறின; கடைசியில் மாற்றுவதற்குப் பழைய தொட்டி அகப்படுவதே பெரும்பாடாகிவிட்டது. எங்கள் வாடகை வீட்டுக்கும் ஒருவர் வந்து, காசு வாங்காமல், அரை மணியில் வேலையை முடித்துவிட்டுப் போனார். இலவசம் என்றால் எனக்கும் சந்தோஷம்தான். வீட்டுக்காரர் விவரத்தைச் சொன்னபோதுதான் உறைத்தது. எங்கள் வீட்டில் ஒவ்வொரு முறையும் மிச்சமாகிற நீர் ஆற்றில் தங்கவில்லை, நிலத்தடியிலும் சேரவில்லை. ஊருக்குத் தெற்கே யாரோ ஒருவருடைய புது வீட்டுக்குப் போகிறது. நகரமன்றம் ஒளிவுமறைவில்லாமல் செய்த ஏற்பாடு, குடியிருக்க வீடும் வேண்டும்தான். குற்றம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. இருந்தாலும் அன்றைக்கு முதல் ‘சேமிப்பு’ என்று யாராவது சொன்னால், யார் கணக்கில் சேமிப்பு என்று கேட்கத் தோன்றுகிறது.

வேலை வீட்டிலிருந்தே என்று ஆனபிறகு, வடக்கே டிக்சன் என்கிற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தோம். ரியோ கிராண்டேயில் வந்து விழும் எம்புடோ சிற்றாற்றின் பள்ளத்தாக்கு. ஆப்பிள், ஏப்ரிகாட், பூண்டு, மிளகாய், கொஞ்சம் திராட்சை. 1725-இல் ஸ்பானிய ஆட்சி மானியமாகக் கொடுத்த நிலத்தில் முளைத்த குடியிருப்பு. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே மேலே பிக்குரிஸ் பழங்குடியினர் வாழ்கிறார்கள். எங்களுக்கு வாய்த்தது ஓர் ஏக்கருக்கும் குறைவான மனை, ஏழெட்டு ஆப்பிள் மரம், பின்னால் ஒரு மண் வாய்க்கால். பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போதே சொன்னார்கள், வாய்க்காலும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள் என்று. தண்ணீர் உரிமையைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டோம். மார்ச் மாதம் வந்தபோதுதான், உரிமையோடு வேலையும் வாங்கியிருக்கிறோம் என்று புரிந்தது.

ஒரு விசித்திரத்தைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். அமெரிக்க அரசு தன் நதிகளை முறையாக அளக்கக் கற்றுக்கொண்ட இடம் எங்கள் வீட்டிலிருந்து சில மைல்தான். மேற்கு நிலத்தில் எவ்வளவு பாசனம் சாத்தியம் என்று கண்டறிய ஜான் வெஸ்லி பவல் நடத்திய ஆய்வுக்காக, 1888 குளிர்காலத்தில் ஃபிரடெரிக் நியூவெல் தலைமையில் இளைஞர் குழு ஒன்று எம்புடோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ரியோ கிராண்டே கரையில் கூடாரம் அடித்தது. 1889 ஜனவரியில் நாட்டின் முதல் நீரோட்ட அளவு நிலையம் அங்கே வந்தது. இன்றைக்கும் அங்கே ஒரு நிலையம் இருக்கிறது. எங்கள் சிற்றாற்றுக்கும் டிக்சனில் ஒன்று உண்டு. நொடிக்கு எத்தனை கன அடி என்று கைபேசியிலேயே பார்க்கலாம். காலையில் காபி போடும்போது அதைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. எங்கள் மயோர்டோமோ, அதாவது வாய்க்காலைப் பார்த்துக்கொள்கிற பெரியவர், அதைப் பார்த்து நான் கண்டதில்லை. அவர் மதகடியில் போய் நிற்பார். அங்கே ஒரு கல் இருக்கிறது. அது முழுகியிருக்கிறதா, தலை தெரிகிறதா என்பதுதான் அவருக்குக் கன அடி.

மண்வாரி பிடிக்கிற குடிமக்கள்

இந்த வாய்க்கால்களை இங்கே அசேக்கியா என்கிறார்கள். 1598-இல் ஸ்பானியர் வந்து இறங்கிய வருஷமே வெட்ட ஆரம்பித்த முறை. நியூ மெக்சிகோவில் இன்றும் சுமார் 700 அசேக்கியாக்கள் ஓடுகின்றன. ஆற்றுக்குக் குறுக்கே கல்லும் கட்டையும் போட்ட ஒரு கொரம்பு, அதிலிருந்து மலையடிவாரத்தைத் தழுவிப் போகிற தாய்வாய்க்கால், அதற்குக் கீழே வீட்டுக்கு வீடு ஒரு மடை, மீந்தது மறுபடி ஆற்றுக்கே போகும் வடிகால். மோட்டார் கிடையாது, சரிவுதான் எல்லாம். பாசனப் பங்குதாரர்கள் ஒவ்வொருவரும் பார்சியாந்தே. அவர்கள் கூடி மூன்று கமிஷனர்களையும் ஒரு மயோர்டோமோவையும் தேர்ந்தெடுக்கிறார்கள். கமிஷனர்கள் கணக்கு, கடிதம், வழக்கு; மயோர்டோமோ தண்ணீர், மண், சண்டை. மாநிலச் சட்டம் இதை ஓர் உள்ளாட்சி அமைப்பாகவே ஏற்றிருக்கிறது. டிக்சனுக்கு மேயர் கிடையாது, நகரசபை கிடையாது. ஊருக்குள் ஓட்டுப்போட்டு ஆளெடுக்கிற அமைப்பு என்று எனக்குக் கண்ணுக்குத் தெரிவது வாய்க்கால்தான்.

வசந்தத்தில் தண்ணீர் விடுவதற்கு முன்னால் தூர் வார வேண்டும். யாருக்கு எவ்வளவு நிலமோ அந்த விகிதத்தில் ஆள் அனுப்ப வேண்டும். தானே வரலாம், கூலிக்கு ஆள் வைக்கலாம், வராவிட்டால் அபராதம், அதையும் கட்டாவிட்டால் மடை அடைபடும். முதல் தடவை நானே போனேன். மயோர்டோமோ முன்னால் நடந்துகொண்டே ஒரு கழியால் அளந்து, கரையில் மண்வாரியால் ஒரு கீறல், பிறகு இன்னொன்று என்று போட்டுக்கொண்டே போவார். இரண்டு கீறலுக்கு நடுவில் இருப்பது உங்கள் பங்கு. எனக்கு வந்த பங்கில் ஓர் எல்ம் மரத்தின் வேர், முன்கை தடிமன், வாய்க்காலின் அடியில் குறுக்கே ஓடியது. எனக்கு முன்னால் நின்ற பெண்மணிக்கு வெறும் வண்டல். சாக்லேட் கேக்கைப் போல வெட்டிக் கரையில் எறிந்துவிட்டு மண்வாரி மேல் சாய்ந்து நின்றுகொண்டார். எல்லோரும் முடிக்கும்வரை யாரும் நகர முடியாது. ஆகவே மொத்த வரிசையும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. பின்னால் நின்ற பையன் ஒன்றும் பேசாமல் தன் கோடாலியை நீட்டினான். வேர் போனதும் அதற்கு அடியில் ஒரு பொத்தல் தெரிந்தது, கை நுழைகிற அளவு. கோஃபர் என்கிற வளை எலியின் வேலை. மயோர்டோமோ திரும்பி வந்தார், குனிந்து பார்த்தார், ஒரு கல்லை உள்ளே விட்டு, களிமண்ணும் வைக்கோலும் அடைத்துக் குதிகாலால் மிதித்தார். இதைப் பார்க்காமல் விட்டிருந்தால் மே மாதம் கீழே இருக்கிற வீட்டின் சமையலறையில் தண்ணீர் நிற்கும் என்றார். அந்தச் சமையலறைக்காரர் ஐந்தாறு பேருக்கு அப்பால் பீர் டப்பாக்களைப் பொறுக்கி மூட்டையில் போட்டுக்கொண்டிருந்தார்.

தண்ணீர் விடுகிற நாளில் அதோடு கூடவே நடக்க வேண்டும். இதை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, ஆனால் வேலையை விட்டுவிட்டு நாலைந்து பேர் வந்துவிடுவார்கள். தண்ணீர் நாம் எதிர்பார்க்கிற மாதிரி வருவதில்லை. முதலில் வருவது சருகும் குச்சியும் நுரையும் சேர்ந்த ஓர் உருளை. அதைத் தள்ளிக்கொண்டு பின்னால் பழுப்பு நிறத்தில் தண்ணீர். நம்முடைய சாதாரண நடையைவிட மெதுவாக. காய்ந்த மண் அதைக் குடித்துக்கொண்டே இருக்கும். கரையில் காற்றுக் குமிழிகள் டப்டப்பென்று வெடிக்கும். சருகு அடைத்துக்கொள்கிற இடத்தில் முள்வாரியால் இழுத்துவிட வேண்டும். சில இடங்களில் அப்படியே நின்றுவிட்டதோ என்று தோன்றும். எங்கள் தாய்வாய்க்கால் நீளம் ஒன்றும் பிரமாதமில்லை, ஆனால் கடைமடைக்குப் போய்ச்சேர அன்றைக்கு இருட்டிவிடும். சில வருஷம் மறுநாள் ஆகிவிடும். மண் குடித்தது அவ்வளவு.

இங்கேதான் என் சான்டா ஃபே மூளை விழித்துக்கொண்டது. இவ்வளவு கசிகிறதே, ஒரு குழாயைப் போட்டால் என்ன?

குழாய்க் கூட்டம்

அந்த யோசனை எனக்கு மட்டும் வந்ததில்லை. கடைமடைப் பக்கம் குதிரைமசாலும் பூண்டும் போடுகிற ஒருவர் பல வருஷமாகச் சொல்லிவந்திருக்கிறார். அசேக்கியாக்களைச் செப்பனிட மத்திய அரசின் ராணுவப் பொறியாளர் துறை வழியாக 1986 முதல் ஒரு திட்டம் இருக்கிறது. செலவில் முக்கால் பங்கு மத்திய அரசு, கால் பங்கு உள்ளூர்த் தரப்பு. அந்த மாதிரி ஓர் உதவியை வாங்கி, தாய்வாய்க்காலை முழுக்கக் குழாயில் அடக்கிவிடலாம் என்பது அவருடைய தீர்மானம். வருடாந்தரக் கூட்டத்துக்கு அது வந்தது. நாற்காலிகள் மடக்கு நாற்காலிகள். காபி ஒரு பெரிய பாத்திரத்தில். ஒரு பாதி ஸ்பானிஷ், ஒரு பாதி ஆங்கிலம். நான் குழாய்க்கு ஆதரவு என்ற மனநிலையில்தான் போனேன். திரும்பியபோது எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை. இன்றுவரை முழுசாகத் தெரியவில்லை.

கடைமடைக்காரர் பேசியதில் ஒரு சொல்கூட மிகையில்லை. 2002-ஐயும் 2018-ஐயும் எடுத்துச் சொன்னார். மலையில் பனி ஏறக்குறைய இல்லாமலே போன வருஷங்கள். முதல்மடையில் ஆப்பிள் மரத்தடி சேறாக இருந்தபோது தன்னுடைய இரண்டாவது அறுப்பு நின்ற இடத்திலேயே காய்ந்ததைச் சொன்னார். முறை வைப்பதென்று பேச்சு. ராத்திரி பதினோரு மணிக்கு யார் மடையில் நின்று பார்க்கிறார்கள் என்று கேட்டார். அறையில் இரண்டு மூன்று பேர் தங்கள் காபியைப் பார்த்துக்கொண்டார்கள். குழாய் இருந்தால் திருட முடியாது, கசியாது, எலி தோண்டாது, நானும் எழுபது வயதில் வேர் வெட்ட வேண்டாம் என்றார். கைதட்டல் கிடைத்தது. நானும் தட்டினேன்.

அடுத்து எழுந்த ஒரு பெண்மணி (வண்டலை வெட்டி எறிந்துவிட்டுச் சாய்ந்து நின்றாரே, அவர்தான்) தத்துவம் ஒன்றும் பேசவில்லை. தன் வீட்டுக் கிணற்றைப் பற்றிப் பேசினார். ஏப்ரலில் வாய்க்கால் ஓட ஆரம்பித்துச் சில வாரத்தில் கிணற்று மட்டம் ஏறுகிறது. அக்டோபரில் மதகை அடைத்தபிறகு இறங்குகிறது. குழாய் போட்டால் என் கிணற்றை ஆழப்படுத்தச் செலவு யார் தருவார்கள் என்று கேட்டார். வாய்க்கால் ஓரத்துக் காட்டன்வுட் மரங்கள் காய்ந்து கூரை மேல் விழுந்தால் அது யார் பொறுப்பு என்று இன்னொருவர் கேட்டார். ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், குழாயில் வண்டல் அடைத்தால் வெளியே தெரியாது, தோண்டித்தான் பார்க்க வேண்டும், அதற்கு மண்வாரி போதாது, இயந்திரம் வாடகைக்கு எடுக்க வேண்டும் என்றார். அவர் குழாய்க்கு எதிரியில்லை. சில இடத்துக்கு மட்டும் போதும் என்கிற கட்சி.

அப்புறம் கமிஷனர் ஒருவர் கேட்ட கேள்விதான் என்னை உட்கார்ந்த இடத்தில் உட்காரவிடாமல் செய்தது. கசியாமல் மிச்சமாகப்போகிற அந்தத் தண்ணீர் யாருடையது? காகிதத்தில் ‘இவர்களுக்கு இவ்வளவுதான் தேவை’ என்று ஒரு புது எண் எழுதப்படும். எழுதியபிறகு மீதியைக் கேட்டு யார் வருவார்கள்? அறையில் பதில்கள் பறந்தன. நமக்குத்தான் என்றார் ஒருவர். ஆற்றுக்கு என்றார் இன்னொருவர். தெற்கே இருக்கிற நகரத்துக்கு என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. சிரிப்பு எழுந்தது, ஆனால் அது கேலிச் சிரிப்பில்லை.

மேற்கத்திய அமெரிக்கத் தண்ணீர்ச் சட்டம் தெரியாதவர்களுக்கு அந்தச் சிரிப்பு புரியாது. முதலில் வந்து பயன்படுத்தியவனுக்கு முதல் உரிமை. பயன்படுத்தாமல் விட்டால் உரிமை பறிபோகும். நியூ மெக்சிகோவில் நான்கு வருஷம் தொடர்ந்து பாய்ச்சாமல் இருந்து, தண்ணீர் உரிமைகளைக் கவனிக்கிற அதிகாரியான மாநிலப் பொறியாளர் நோட்டீஸ் கொடுத்தபின்னும் ஒரு வருஷம் சும்மா இருந்தால் போயே போய்விடும். சிக்கனமாக இருப்பவனைச் சட்டம் சந்தேகத்தோடு பார்க்கிற இடம் இது. போதாததற்குத் தண்ணீர் உரிமையை நிலத்திலிருந்து பிரித்துத் தனியாக விற்கலாம். 1985-இல் டியெரா அமரில்லா பக்கம், ஒரு சுற்றுலா விடுதித் திட்டத்துக்கு வாய்க்கால் தண்ணீரை மாற்றக் கேட்டபோது மாவட்ட நீதிபதி, அந்த வட்டாரத்தின் வாழ்க்கைமுறையைக் காரணம் காட்டி மறுத்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றிவிட்டது. அந்த ஓட்டையை அடைத்தது 2003-இல் வந்த சட்டம்: தன் விதிகளில் எழுதி வைத்துக்கொண்டால், அசேக்கியாவுக்குள் இருக்கிற தண்ணீரை வெளியே மாற்ற முதலில் அதன் கமிஷனர்களின் ஒப்புதல் வேண்டும். பாய்ச்ச முடியாதவர்கள் தங்கள் பங்கை அசேக்கியாவின் தண்ணீர் வங்கியில் போட்டுவைக்கவும் வழி செய்தார்கள். அங்கே இருக்கிற வரைக்கும் அது பறிபோகாது, பக்கத்துக்காரர் பாய்ச்சிக்கொள்வார். எங்கள் ஊரில் மகன் டென்வரில், மகள் ஆல்புகெர்க்கியில் என்று தனியாக இருக்கிற பாட்டிகளின் நிலத்தைக் காப்பாற்றிவைத்திருப்பது இந்த ஏற்பாடுதான்.

சான்டா ஃபேயில் என் தொட்டித் தண்ணீர் எங்கே போனது என்பதற்கும் இந்தக் கூட்டத்துக்கும் உள்ள தொடர்பு அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. அங்கே நான் மிச்சம் பிடித்தேன். அது எங்கே போக வேண்டும் என்று என்னைக் கேட்க ஓர் அறை இல்லை. இங்கே முப்பது பேர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, இன்னும் மிச்சமே ஆகாத தண்ணீருக்காகச் சண்டை போடுகிறார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது. அதே சமயம், இந்த முப்பது பேர் நியாயமானவர்கள் என்று நம்புவதற்கு எனக்கு ஒரு காரணமும் இல்லை. முதல்மடைக்காரர் ராத்திரி மடைப்பலகையைத் தூக்குகிறார் என்பது ஊருக்கே தெரியும். அவருடைய மைத்துனர் கமிஷனராக இருந்த வருஷங்களில் அபராதம் எழுதப்பட்டதில்லை. ஊர்கூடி முடிவெடுப்பதை வெளியிலிருந்து வந்தவர்கள் பாடிப் புகழ்கிறார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அது பெரும்பாலும் உறவுக்காரர்களைச் சமாளிக்கிற வேலை.

அல்கால்டே கணக்கு

அந்தக் கூட்டத்தில் தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. நான் படிக்க உட்கார்ந்தேன். எங்களுக்குத் தெற்கே, ரியோ கிராண்டே கரையிலேயே இருக்கிற அல்கால்டே என்ற ஊரில் நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பண்ணை ஒன்று இருக்கிறது. அங்கே அலெக்சாண்டர் ஃபெர்னால்டும் சக ஆய்வாளர்களும் ஒரு அசேக்கியாவின் தண்ணீர் எங்கே போகிறது என்று வருஷக்கணக்கில் அளந்தார்கள். ஆற்றிலிருந்து திருப்பிய தண்ணீரில் பயிர் உறிஞ்சிக்கொண்டது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பாதிக்கு மேல் வடிகால் வழியாக நேரே ஆற்றுக்குத் திரும்பியது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடி வழியாகத் தாமதித்து ஆற்றுக்கே போனது. அதாவது மே மாத வெள்ளத்தில் எடுத்ததை நிலம் பிடித்துவைத்து, கோடை பிற்பகுதியில், ஆறு மெலிந்திருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. வாய்க்கால் கசிகிறது என்று நான் நினைத்தது, கீழே இருக்கிறவர்களுக்கு ஆகஸ்ட் மாத ஆறு.

இந்தக் கணக்கை அச்சடித்துக் கடைமடைக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் படித்தார், முழுசாக. பிறகு, ஆற்றுக்கு ஆகஸ்டில் போய்ச்சேருவது சரி, என் பூண்டுக்கு ஜூனில் வேண்டுமே, அதற்கு இந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒன்றும் இல்லை. மொத்தப் பள்ளத்தாக்குக்கு நல்லது என்பது ஒரு தனி மனிதனின் வயலுக்கு நல்லது என்று ஆகிவிடாது. இதற்கு எந்த ஆய்வும் பதில் சொல்லாது. அந்த மனிதனுக்கு அண்டைவீட்டார்தான் பதில் சொல்லியாக வேண்டும். அவர் எனக்கு ஒரு பை பூண்டு கொடுத்தனுப்பினார். கோபமில்லை என்பதற்காகவா, வாதத்தில் ஜெயித்ததற்காகவா தெரியாது.

இதற்கிடையில் 2022 வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் மோரா, சான் மிகெல் மாவட்டங்களில் ஹெர்மிட்ஸ் பீக், கேஃப் கேன்யன் தீ. வனத்துறையே கட்டுப்படுத்தி வைத்த நெருப்பு கைமீறிப் போய், 3,40,000 ஏக்கருக்கு மேல் எரித்த, மாநில வரலாற்றிலேயே பெரிய தீ. மலைகள் எரிந்தபின் வந்த மழை சாம்பலையும் கட்டைகளையும் அடித்துக்கொண்டு வந்து பல அசேக்கியாக்களை இருந்த இடம் தெரியாமல் மூடியது. எங்கள் பக்கத்திலிருந்தும் ஆட்கள் மண்வாரியோடு போனார்கள். நானும் ஒரு வார இறுதியில் போனேன். அங்கே ஒரு கிழவர், எங்கே வாய்க்கால் இருந்தது என்று கழியால் காட்டிக்கொண்டே நடந்தார்; நாங்கள் பின்னால் கொடி நட்டோம். வரைபடம் இருந்ததா என்றால், இருந்தது; ஆனால் கோடு வரைபடத்தில் போன இடத்தில் இப்போது பாறை கிடந்தது. புதுப் பாதையை அந்த இடத்திலேயே, நின்றவாக்கில், அவரும் இன்னும் இரண்டு பேரும் பேசி முடிவு செய்தார்கள். ஒருவருடைய தோட்டத்து மூலை போனது. அவர் முகம் சுளித்தார், பிறகு சரி என்றார். வருஷா வருஷம் ஒரே பள்ளத்தில் நின்று பழகியிராத ஆட்களிடம் அந்தச் ‘சரி’யை எத்தனை வழக்கு போட்டு வாங்க வேண்டியிருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே திரும்பி வந்தேன்.

மறுபடி தீர்மானம் வந்தபோது அது வேறு உருவத்தில் இருந்தது. காட்டோடையைக் கடக்கிற இடத்தில், ஒவ்வொரு ஆகஸ்ட் மழையிலும் கரை சரிந்து எல்லோருக்கும் தண்ணீர் நின்றுபோகிற அந்தத் துண்டுக்கு மட்டும் குழாய். மீதி மண்ணாகவே இருக்கும். அதோடு, பற்றாக்குறை வருஷங்களில் கடைமடைக்கு வாரத்தில் இரண்டு இரவு முழுசாக விடவேண்டும். அந்த இரவுகளில் மேல்மடைகள் எல்லாவற்றுக்கும் பூட்டு. குழாய்க்கு எதிர்ப்பு ஏதும் இல்லை. பூட்டுக்குத்தான் ஏக ரகளை. எங்களைத் திருடர்கள் என்கிறீர்களா என்று முதல்மடைக்காரர் எழுந்தார். ஆமாம் என்றார் கடைமடைக்காரர், உட்கார்ந்தபடியே. நான் பூட்டுக்கு ஆதரவாகக் கை தூக்கினேன், மயோர்டோமோவும் தூக்கினார், சில ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. எங்கள் பங்குக் கால்வாசிச் செலவுக்காக வருடச் சந்தா உயர்ந்திருக்கிறது. கிணற்றுக்காரப் பெண்மணி இப்போது கமிஷனர். மானிய விண்ணப்பத்தை நிரப்புகிற வேலையை என் தலையில் கட்டிவிட்டார். ‘எவ்வளவு தண்ணீர் சேமிக்கப்படும்’ என்று அதில் ஒரு கட்டம் இருக்கிறது. காட்டோடை உடைப்பு நின்றால் எத்தனை நாள் பாசனம் தடைபடாது என்று கணக்குப் போட்டு அதில் எழுதியிருக்கிறேன். கட்டத்துக்குள் அடங்காமல் ஓரத்தில் வழிகிறது, அவர்கள் ஏற்பார்களா பார்க்கலாம். அடுத்த கூட்டத்தின் முதல் பொருள், பூட்டுச் சாவி யாரிடம் இருப்பது என்பது.